ஆண்டைக் கடைசியாகப் படியுங்கள்

1879 என்று முத்திரை விழுந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் ஒன்று விற்பனைக்கு வந்தால், விற்பவர் முதலில் சொல்வது 'இது சூலு போரில் இருந்த துப்பாக்கி' என்பதுதான். 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் சூலு வீரர்கள் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவை ஏறக்குறைய முழுதாக அழித்தார்கள். அன்று மாலை தொடங்கி இரவு முழுக்க ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு பிரிட்டிஷ் காவல்முகாம் தாக்குப்பிடித்தது. இரண்டு இடத்திலும் பிரிட்டிஷ் சிப்பாய் கையில் இருந்தது மார்ட்டினி-ஹென்றி. கதை அழகாகப் பொருந்துகிறது, விலையும் ஏறுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் கதை நிற்காது. அன்று களத்தில் இருந்த 24-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் 1875 முதலே தென்னாப்பிரிக்காவில் இருந்தது. ஒரு துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியேறி, சோதனை முடிந்து, கிடங்கில் கிடந்து, பட்டாளத்துக்கு ஒதுக்கப்பட்டு, கப்பலேறி அங்குள்ள நேட்டாலுக்குப் போய்ச் சேரப் பல மாதம் ஆகும். ஜனவரி 22 அன்று அங்கே இருந்த துப்பாக்கியில் 1879 என்ற ஆண்டு இருக்க வழியே இல்லை. எந்த எண்ணைச் சாட்சியாகக் காட்டுகிறார்களோ அந்த எண்ணே கதையைப் பொய்யாக்குகிறது.

பழைய படைத் துப்பாக்கியை அடையாளம் காண உட்காருபவர்களிடம் நான் வலியுறுத்துவது இதைத்தான்: பொறித்த எழுத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் இரும்பைப் பாருங்கள், மரத்தைப் பாருங்கள், அளவெடுங்கள். எழுத்தை யாரும் பிறகு வெட்டிவிடலாம். துப்பாக்கியின் உடற்கட்டைப் பிறகு மாற்றுவது அத்தனை எளிதல்ல.

மார்ட்டினி-ஹென்றி போன்ற ஒரு வேட்டுத் துப்பாக்கிகளின் காலம் சிறியது. 1866-ல் சாடோவாவில் பிரஷ்யப் படை பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கியால் ஆஸ்திரியாவை வீழ்த்தியதும், உலகத்துப் படைகள் எல்லாம் முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிகளைக் கைவிட அவசரப்பட்டன. பிரிட்டன் தன்னிடம் மலைபோல் குவிந்து கிடந்த என்ஃபீல்டு துப்பாக்கிகளின் பின்பகுதியை வெட்டி, ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் கீல்மூடியைப் பொருத்தியது. அமெரிக்கா ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் மேல்நோக்கித் திறக்கும் மூடியைச் செய்தது. ரெமிங்டன் நிறுவனத்தின் உருளும் கட்டைத் துப்பாக்கி டென்மார்க், ஸ்பெயின், எகிப்து, அர்ஜெண்டினா என்று போனது. பிரிட்டன் 1871-ல் மார்ட்டினி-ஹென்றியை ஏற்றது. 1886-ல் பிரான்ஸ் புகையில்லா மருந்தோடு பலவேட்டு லெபல் ரைஃபிளைக் கொண்டுவந்ததும் இவை அனைத்தும் ஒரே வீச்சில் பழசாயின. பழசானவை உருக்கப்படவில்லை, காலனிப் படைகளுக்கும் காவல்துறைக்கும் சமஸ்தானங்களுக்கும் மலைநாட்டுச் சந்தைகளுக்கும் போயின. அடையாளம் காண்பது கடினமாவதற்கு இந்த இரண்டாம் வாழ்க்கைதான் காரணம்.

இனி வேலைக்கு வருவோம். துப்பாக்கி கைக்கு வந்ததும் அது காலியா என்று பாருங்கள். நூற்றைம்பது வருடத்துச் சாமானில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம்; ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். மார்ட்டினியாக இருந்தால் குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொண்டு, விசைக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலை முழுதாகக் கீழே தள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரும்புக்கட்டை தன் பின்முனையைப் பிடித்திருக்கும் ஊசியில் தொங்கியபடி முன்முனையைத் தாழ்த்தும். கட்டையின் மேல்முகத்தில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் இருக்கும்; சிப்பாய் கட்டைவிரலால் தோட்டாவை அதன்மேல் வழுக்கி உள்ளே தள்ளுவான். அதன் வழியே டார்ச் அடித்தால் தோட்டா அறை நேராகத் தெரியும். வலப்பக்கத்தில் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறு காட்டி அந்த நேரத்தில் திரும்புவதையும் பார்ப்பீர்கள். வெளியே சுத்தி இல்லாத துப்பாக்கி என்பதால், சுடத் தயாரா இல்லையா என்று சிப்பாய்க்குச் சொல்ல வைத்த அடையாளம் அது. விசையை வெறுமனே இழுத்து விளையாட வேண்டாம்.

நம் நாட்டில் சட்டத்தையும் இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். பழையது என்ற ஒரே காரணத்தால் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் தரும் விலக்கு அவ்வளவு தாராளமானதல்ல. பழைய பாணியிலோ தொன்மை மதிப்புள்ளதாகவோ இருந்தால் போதாது. பழுது பார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படாத நிலையில் அது இருக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகின்றன. அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. அமெரிக்காவில் 1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்தவை தொல்பொருள் என்ற கோடு இருப்பதால் அந்நாட்டு நூல்கள் எல்லாவற்றையும் சுலபமாகப் பேசும். அந்தக் கோடு இங்கே செல்லாது.

அடுத்தது செய்யாமல் இருக்க வேண்டிய வேலை: துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். உப்புத்தாள், கம்பிப் பிரஷ், வார்னிஷ் மூன்றும் இந்தத் துறையின் எதிரிகள். மரக்கட்டையின் வலப்பக்கத்தில் அழுத்திய வட்ட முத்திரை ஒரு தாளின் கனத்துக்குத்தான் ஆழம் இருக்கும். ஆர்வமுள்ள தச்சர் ஒருவர் ஒரு முறை இழைத்தால், தொழிற்சாலையின் பெயரும் ஆய்வாளரின் குறியும் தூளாகத் தரையில் விழும். துரு ஓடாமல் இருக்க மெல்லிய எண்ணெய் போதும்.

இப்போது திறக்கும் விதம். பின்பகுதியின் மூடி வலப்பக்கமாகக் கீல்மேல் புரண்டு, பிறகு பின்னுக்கு இழுபட்டுக் காலி உறையைக் கழற்றினால் அது ஸ்னைடர். மூடி முன்பக்கக் கீலில் மேலே எழுந்தால் ஸ்பிரிங்ஃபீல்டு. சுத்தியை இழுத்தபின் கட்டை பின்னோக்கி உருண்டால் ரெமிங்டன். நெம்புகோலை இறக்கியதும் கட்டையின் முன்முனை தாழ்ந்து, சுத்தியும் வெளியே இல்லை என்றால் மார்ட்டினி குடும்பம். சுத்தி வெளியே இருந்தால் அதன் மூதாதை, பாஸ்டன்காரரான ஹென்றி பீபாடி 1862-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஃபிரெடரிக் வான் மார்ட்டினி அதில் செய்த பெரிய மாற்றம் சுத்தியை உள்ளே கொண்டுபோனதுதான். பெயரின் இரண்டாம் பாதி, குழலின் உட்புறப் பள்ளங்களை வகுத்த எடின்பரோ துப்பாக்கிக் கலைஞர் அலெக்சாண்டர் ஹென்றிக்கு உரியது.

குடும்பம் தெரிந்தபின் அளவுகோலை எடுங்கள். மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழல் 33.2 அங்குலம், அதன் குட்டை வடிவமான கார்பைனின் குழல் 21.4 அங்குலம் அளவில். கட்டையை மூடிவிட்டு, குழலின் வாய்வழியாக மரக்குச்சியை விட்டுக் கட்டையில் முட்டும் இடம்வரை அளக்க வேண்டும். உலோகக் குச்சி வேண்டாம், பள்ளங்களைக் கீறும். பிறகு டார்ச் வெளிச்சத்தில் பள்ளங்களை எண்ணுங்கள். ஹென்றியின் முறையில் ஏழு பள்ளம், வலப்புறச் சுழல். ஐந்து பள்ளம் இடப்புறமாகச் சுழன்றால், வெளியே என்ன எழுதியிருந்தாலும், பிற்காலத்தில் .303 தோட்டாவுக்காக மாற்றப்பட்ட மார்ட்டினி-என்ஃபீல்டு குழல் உங்கள் கையில் இருக்கிறது. பள்ளமே இல்லாமல் வழவழப்பாக இருந்தாலும் அது ஒரு செய்தி: யாரோ குடைந்திருக்கிறார்கள்.

தோட்டா எது என்பதில் ஐயம் வந்தால் அறையை அச்செடுப்பார்கள். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் ஓர் உலோகக் கலவை இதற்கென்றே விற்கிறது. குழலை அறைக்கு அப்பால் துணியால் அடைத்து, உருக்கி ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் அறையின் அச்சு கிடைக்கும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து வெர்னியரால் அளந்தால் அறையின் சரியான அளவு வரும். மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா, ஸ்னைடரின் .577 உறையைக் கழுத்துப் பக்கம் .450-க்குச் சுருக்கியது, அச்சில் அந்தத் தோள்பட்டை தெளிவாகத் தெரியும். ரைஃபிளுக்கு 480 கிரெயின் குண்டும் 85 கிரெயின் மருந்தும், கார்பைனுக்கு 410 கிரெயின் குண்டும் 70 கிரெயின் மருந்தும் கொடுத்தார்கள். சிறு துப்பாக்கியில் பெரிய தோட்டாவை வெடித்தால் குதிரைவீரன் தோள் தாங்காது.

கார்பைன் என்று விற்கப்படுபவற்றில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு, ஏனென்றால் ரைஃபிளை வெட்டினால் கார்பைன் போலத் தெரியும். வெட்டியதைப் பிடிக்க வாய்ப்பக்கம் பாருங்கள். கார்பைனுக்கென்றே செய்த குழல் மெலிந்தது. துப்பாக்கியே ரைஃபிளைவிட ஒரு பவுண்டுக்கு மேல் எடை குறைவு. வெட்டிய ரைஃபிளின் வாய் தடித்து நிற்கும், முன்குறி பிறகு பற்றவைத்த தடம் இருக்கும். குதிரைப்படைக் கார்பைனில் பயோனெட் மாட்டும் இடம் கிடையாது. பீரங்கிப்படைக் கார்பைனில் உண்டு. இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. பிற்காலத்தில் அரசுத் தொழிற்சாலைகளே பழைய ரைஃபிள்களை வெட்டிப் பீரங்கிப்படைக் கார்பைன் ஆக்கின. ஆக வெட்டியது என்பதாலேயே போலி என்று தள்ளிவிட முடியாது. வெட்டியது அரசா, தனியாரா என்பதே கேள்வி. அதற்கு விடை முத்திரையில் இருக்கிறது.

முத்திரைக்கு இப்போதுதான் வருகிறோம். கல்வெட்டு ஆய்வாளர் மைப்படி எடுப்பது போல, மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், இரும்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்துப் படமும் எடுங்கள்; நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். மார்ட்டினியின் வலப்பக்க இரும்பில் மேலிருந்து கீழாகக் கிரீடம், வி.ஆர். என்ற விக்டோரியா அரசியின் எழுத்துகள், செய்த இடம், ஆண்டு, எண்கள் என்று வரும். செய்த இடம் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையாகவோ, எல்.எஸ்.ஏ., பி.எஸ்.ஏ. போன்ற தனியார் நிறுவனமாகவோ இருக்கலாம். ரோமன் எண் துப்பாக்கியின் மார்க்கை, அதாவது அது எத்தனையாவது வடிவம் என்பதைச் சொல்லும். அருகில் இருக்கும் சாதாரண எண் அதன் தரவகுப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

மார்க் எண்ணை உடற்கட்டோடு ஒப்பிடுங்கள். மார்க் 2 1877-லும், மார்க் 3 1879-லும் வந்தன. மார்க் 4-ன் நெம்புகோல் மட்டும் நீளம். அதற்கு ஒரு கசப்பான காரணம் இருக்கிறது. ஆரம்பத் தோட்டாக்களின் உறை, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சூடான குழலும் சூடான் பாலைமணலும் சேர்ந்தபோது உறை அறைக்குள் ஒட்டிக்கொண்டது. 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளேயா போரில் எதிரி நெருங்கும் நேரத்தில் துப்பாக்கிகள் அடைத்தன. நீண்ட நெம்புகோல் உறையை இழுக்க அதிக வலிமை தரும். நெம்புகோல் நீளமாக இருந்து மேலே 1874 என்று எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று பிறகு வந்தது.

பிரிட்டிஷ் படை மார்ட்டினியில் அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டில் இருப்பது போன்ற ஓடும் வரிசை எண்ணைத் தேடாதீர்கள். அதற்குப் பதிலாக மரக்கட்டையின் அடித்தகடு மேலே வளையும் நாக்கில் ரெஜிமெண்டின் எண்ணும், அந்தப் பட்டாளத்தில் துப்பாக்கிக்குக் கொடுத்த எண்ணும் இருக்கலாம். 1881 ஜூலையில் பிரிட்டிஷ் காலாட்படை எண்களைக் கைவிட்டு மாவட்டப் பெயர்களை எடுத்துக்கொண்டது. 24-ஆம் ரெஜிமெண்ட் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது. ஆகவே வெறும் ரெஜிமெண்ட் எண் இருந்தால் 1881-க்கு முந்தைய வழங்கல் என்று நினைக்க இடமிருக்கிறது. அம்புக்குறியின் கீழ் ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படை அதை முறைப்படி விற்றுக் கழித்தது.

இந்திய முத்திரையைக் காணும்போது ஒரு அரசியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கி என்பது அரசின் கொள்கை. வெள்ளையரிடம் சுழல்பள்ளத் துப்பாக்கி இருந்தபோது இவர்களுக்கு வழவழப்புக் குழல். 1878-80 ஆப்கன் போரில் அவர்களிடம் மார்ட்டினி, இவர்களிடம் ஸ்னைடர். 1870-களின் ஆண்டு பொறித்த மார்ட்டினியில் இந்தியப் பட்டாளத்தின் எண் இருந்தால், அது பெரும்பாலும் வேறு யாரிடமோ உழைத்துவிட்டுப் பிறகு கைமாறியது. செய்த ஆண்டும் வழங்கிய ஆண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

போலிக்கு வருவோம். ஆப்கன் எல்லைப்புறத்தில், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் கொல்லர்கள் கையாலேயே மார்ட்டினிகளைச் செய்தார்கள். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய வெளிநாட்டு வீரர்கள் இவற்றை வாங்கிக்கொண்டு போனதால் உலகச் சந்தையில் இன்று நிறையக் கிடக்கின்றன. ஆங்கில எழுத்து தெரியாமல் படத்தைப் பார்த்து வெட்டியதால் என் என்ற எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். வரி கோணலாக ஓடும். என்ஃபீல்டு என்பதன் எழுத்துக்கூட்டல் தப்பும். அரசி 1901-ல் இறந்தபின் வந்த ஆண்டுகளோடு வி.ஆர். நிற்கும். திருகாணித் தலைகளையும் பாருங்கள்: அரசுத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரம் வெட்டியவை ஒத்திருக்கும், இவை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இவற்றைச் சுடவே கூடாது. இரும்பு எதைத் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. ஆனால் குப்பை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். அரத்தையும் உளியையும் வைத்து ஒரு வல்லரசின் துப்பாக்கியைப் படியெடுத்த கொல்லரின் வேலை அது. அதை எல்லைப்புறப் படியாக்கம் என்று உண்மைப் பெயரில் விற்றால் அதற்கும் மதிப்பு உண்டு.

கிழக்கத்திய எழுத்து இருந்தாலே எல்லைப்புறப் போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. காபூலில் அமீர் அப்துர் ரஹ்மான் நடத்திய மஷீன் கானா ஆயுதசாலை மசூதி வடிவ முத்திரையோடு முறையான மார்ட்டினிகளைச் செய்தது. துருக்கிக்காக அமெரிக்காவின் பிராவிடன்ஸ் டூல் நிறுவனம் ஆறு லட்சம் பீபாடி-மார்ட்டினிகளைச் செய்ய ஒப்பந்தம் போட்டது. 1877-ல் பிளெவ்னாவில் ரஷ்யரை வெகுதூரத்திலிருந்தே சாய்த்தவை அவைதான். நேபாளத்தில் ஜெனரல் ககேந்திர ஷம்ஷேர் ராணா தன் பெயரிலேயே ஒரு ரைஃபிளை வடிவமைத்தார். வெளித்தோற்றத்தில் மார்ட்டினி, உள்ளமைப்பு வேறு. காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கில் கிடந்த பழைய ஆயுதக் குவியலை 2003-ல் அமெரிக்க வணிகர்கள் வாங்கியபோதுதான் இவை பெருமளவில் வெளியுலகைப் பார்த்தன. தேவநாகரி எண்களை அப்படியே கிறிஸ்து ஆண்டாகப் படிக்காதீர்கள். விக்ரம ஆண்டு என்றால் 57 கழிக்க வேண்டும், சக ஆண்டு என்றால் 78 கூட்ட வேண்டும்.

கையில் இருப்பதைக் கண்டபின் தாளில் இருப்பதைத் தேடலாம். பிரிட்டிஷ் படை ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு 'லிஸ்ட் ஆஃப் சேஞ்சஸ்' என்ற தொடரில் பதிவு செய்தது. ஒரு திருகாணி மாறினால்கூட அதில் பத்தி இருக்கும். டெம்பிள், ஸ்கென்னர்டன் இருவரும் எழுதிய பிரிட்டிஷ் மார்ட்டினி பற்றிய பெருநூல் இந்தத் துறையின் அடிப்படை நூல். அரக்குமுத்திரை வைத்து அங்கீகரித்த மாதிரித் துப்பாக்கிகள் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரிஸ் பராமரிப்பில் இருக்கின்றன. இந்தியப் பட்டாளங்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். சென்னை மாகாணப் படையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம்; மாகாணப் படைகள் 1895-ல் ஒன்றாக இணைக்கப்பட்டன என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள்.

இப்படிப் பொறுமையாகத் தேடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் சான்று. 1876 ஜூனில் கஸ்டர் தலைமையிலான அமெரிக்கக் குதிரைப்படையை லக்கோட்டா, செயேன் வீரர்கள் அழித்த அந்தக் களத்தில் 1983-ல் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. நிலம் வெளிப்பட்டதும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் 1984-லும் 1985-லும் அகழாய்வு செய்தார்கள். கிடைத்த தோட்டா உறைகளின் அடியில் துப்பாக்கி ஊசி தட்டிய குழியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் தடமும் தனி என்பதால், ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைபடமே போட முடிந்தது. பழங்குடி வீரர்களிடம் பலவேட்டுத் துப்பாக்கிகள் நிறைய இருந்ததும் உறுதியானது. பரம்பரையில் வந்த கார்பைன்களை இந்த உறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி பிறந்தது. போரில் இருந்த துப்பாக்கி என்று ஒருவர் சொல்ல இந்த அளவு சான்று வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள். முதல் பத்தியில் அளந்ததும் கண்டதும். இரண்டாவதில் அவற்றிலிருந்து எட்டிய முடிவும் காரணமும். மூன்றாவதில் விற்றவரோ வீட்டுப் பெரியவரோ சொன்ன கதை, சொன்னவர் யார் என்பதோடு. குடும்பக் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். அதை முதல் பத்திக்கு ஏற்றவும் வேண்டாம். ஆண்டை எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஸ்னைடரின் பூட்டுத்தகட்டில் 1862 என்று இருக்கலாம்; அது மாற்றத்துக்கு முன் அந்தத் தகடு செய்யப்பட்ட ஆண்டு. ஸ்பிரிங்ஃபீல்டின் மூடியில் 1873 என்று இருக்கும். அது மாடலின் பெயர், அந்தத் துப்பாக்கி பிறந்தது பல ஆண்டு கழித்தும் இருக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆண்டு எழுதுங்கள். முழுத் துப்பாக்கிக்கும் ஒரே ஆண்டு எழுதும் பழக்கத்தை விடுங்கள்.

உங்கள் ஊர் ஜமீன் வீட்டிலோ பழைய பட்டாளத்துக்காரர் வீட்டுப் பரணிலோ இப்படி ஒன்று கிடந்தால், அதைத் துலக்காதீர்கள், இரும்புக்கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். அதன் நிலை சட்டப்படி என்ன என்பதை மாவட்ட உரிம அதிகாரியிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள். முத்திரைகளைப் படியெடுத்து, தாத்தா சொன்னதை அவர் இருக்கும்போதே எழுதிவைத்து, இரண்டையும் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையோ புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையோ அணுகுங்கள்.